வீட்டுத் தோட்டத்துக்கு மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்த அக்கம்பக்கத்தாருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

சென்னையில் தனி வீடுகளில் வசிப்பவர்களுக்கு மழைநீரைச் சேகரித்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்துவது குறித்துக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் ஒரு வகுப்பு நடத்தவிருப்பதாகவும், எதிலிருந்து தொடங்குவது, எந்த அளவுத் தொட்டியைப் பரிந்துரைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பகுதிச் சங்கத்துக்காக இத்தகைய வகுப்புகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொட்டியைப் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதல் அரை மணி நேரத்தைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். வருபவர்கள் தங்கள் மொட்டை மாடியின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். தளம் உறிஞ்சுவதும் ஆவியாவதும் சிதறுவதுமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், ஒவ்வொரு மில்லிமீட்டர் மழைக்கும் சுமார் 75 லிட்டர் குழாய் வழியே இறங்கும். அப்படியானால் பலரும் வாங்க நினைக்கும் 200 லிட்டர் நீல நிற டிரம் மூன்று மில்லிமீட்டர் மழையிலேயே நிரம்பிவிடுகிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்தாலும் 14 மில்லிமீட்டருக்குள் நிரம்பிவிடும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், அந்த ஒரு மாடியில் ஓர் ஆண்டில் விழுந்து இறங்குவது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். இந்த எண்ணைத் தங்கள் கையாலேயே போட்டுப் பார்த்தவர்களுக்குத் தொட்டி மட்டும் போதாது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, தோட்டத்துக்கு எவ்வளவு நீர் செலவாகும் என்பதையும் அவர்களே கணக்கிடட்டும். கடும் வெயில் காலத்தில் காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீர் தேவை என்று கொண்டால், 100 சதுர அடிப் பாத்திக்குச் சுமார் 45 லிட்டர் ஆகும். ஒரு டிரம் நீர் நான்கு நாளைக்கு வரும். ஆகவே ஐப்பசியில் பிடித்த நீரைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் யாரும் டிரம் வாங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தோட்டத்துக்கு நீரே தேவைப்படுவதில்லை. டிரம் உண்மையில் உதவுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை: மாலையில் இடியுடன் ஒரு மழை, அதன்பின் சில நாட்கள் சுட்டெரிக்கும் வெயில் என்று மாறி மாறி வரும் அந்தப் பருவத்தில், இடைப்பட்ட நாட்களைச் சமாளிக்க அது போதும்.

எனவே வகுப்பின் மையப் பொருள், தொட்டி நிரம்பிய பின் நீர் எங்கே போகிறது என்பதாக இருக்க வேண்டும். உள்ளே வரும் குழாய் என்ன விட்டமோ, அதற்குக் குறையாத விட்டத்தில் வழிந்தோடும் குழாயும் இருக்க வேண்டும். நான்கு அங்குலக் குழாயில் இறங்கும் நீரை ஓர் அங்குலக் குழாயில் வெளியேற்றும் அமைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை முதல் பெருமழையிலேயே சுவரை நனைத்துவிடும். அந்த வழிந்தோடும் நீரைத் தெருவுக்கு விடாமல் பாத்திக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிடுவதுதான் நாம் கற்பிக்க வேண்டிய கலை.

இங்கே மண்ணைப் பார்க்காமல் பேச முடியாது. பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பாங்கான பகுதிகளில் நீர் விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். விருகம்பாக்கம், அண்ணா நகர் போன்ற களிமண் பகுதிகளில் மேலேயே தேங்கி நிற்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கங்களில் சற்றே தோண்டினால் பாறை தட்டுப்படும் இடங்கள் உண்டு. ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வடிந்த பின் மறுபடியும் நிரப்பி, இரண்டாம் முறை வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் வடிந்தால் தாழ்வான பாத்தியும் சுற்றிலும் சிறு வரப்பும் போதும். உலர்ந்த இலைகளையும் தேங்காய் மட்டையையும் மூடாக்காகப் போட்டால் ஈரம் நெடுநாள் நிற்கும். மணிக்கணக்கில் தேங்கி நின்றால், களிமண் அடுக்கைத் துளைத்து அடியில் உள்ள மணலைத் தொடும் வகையில் உறை இறக்கி, நீரை நிலத்துக்குள் இறங்கச் செய்யும் கசிவுநீர்க் கிணறு தேவைப்படும். அதை அஸ்திவாரத்தை ஒட்டி அமைக்காமல் சில அடிகளாவது தள்ளி அமைக்க வேண்டும். களிமண் நிலத்தில் உள்ள வீட்டில் நீர் வழிந்து சேரும் மூலையில் பப்பாளியை நட வேண்டாம், தேங்கிய நீரில் அதன் வேர் விரைவில் அழுகிவிடும். கல்வாழையும் சேம்பும் அந்த இடத்தில் மகிழ்ச்சியாக வளரும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. குப்பை கூளத்தை வடிகட்டிவிட்டு மாடி நீரை அதற்குள் விடுவதைவிடச் சிக்கனமான சேமிப்பு கிடையாது. ஆழ்துளைக் கிணறு போட்ட பின் பயனற்றது என்று பழைய கிணற்றை மூடிவிடுபவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

பராமரிப்பு பற்றி இரண்டு செய்திகளை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நெடுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை, மாடியில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதில் முதல் ஓரிரு மில்லிமீட்டர் அளவை, அதாவது நம் 1,000 சதுர அடி மாடிக்கு 100 முதல் 150 லிட்டர் வரை, தனிக் குழாய் வழியே வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக வெளியேற ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். டிரம்மின் வாய், உள்வரும் குழாய், வழிந்தோடும் குழாயின் முனை ஆகிய மூன்றிலும் மெல்லிய வலை இருக்க வேண்டும். டிரம்மின் அடியில் உள்ள, நீர் பிடிக்கும் குழாய் மெதுவாகச் சொட்டினால் யாரேனும் வலையை அகற்றிவிட்டு மக்கில் மொண்டு எடுப்பார்கள், பிறகு வலை திரும்பவும் ஏறாது. ஆகவே டிரம்மை ஒரு வாளி அடியில் நுழையும் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி வைக்கச் சொல்லுங்கள். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது என்பதால் ஆட்டம் காணும் ஸ்டாண்டுகள் கூடாது.

2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதே, மறுபடியும் எதற்கு வகுப்பு என்று யாரேனும் நிச்சயம் கேட்பார்கள். அப்போது கட்டிய குழி இப்போது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பல வீடுகளில் அதன் மீது டைல்ஸ் பதித்திருப்பார்கள், அல்லது சேறு படிந்து ஜல்லி அடைத்துக்கொண்டிருக்கும். புதிதாக எதையும் கட்டாமல், இருப்பதைத் தூர் வாரினாலே பாதி வேலை முடிந்துவிடும் வீடுகள் உங்கள் தெருவிலும் இருக்கும். மந்தைவெளியில் 2002-இல் மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் தொடங்கிய மழை மையம், இத்தகைய அமைப்புகளின் மாதிரிகளைப் பொதுமக்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகவே உருவானது. அது போலவே நீங்களும் தெருவில் ஒரு வீட்டில் முழுமையாகச் செய்து காட்டி, மழை பெய்யும்போதே மற்றவர்களைக் குடையோடு அழைத்துச் சென்று காட்டினால், படக்காட்சி எதுவும் தேவைப்படாது.

வகுப்பை ஜூலையிலோ ஆகஸ்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். மாடியைக் கழுவிக் குழாய்களைச் சரிசெய்யச் செப்டம்பர் வரை அவகாசம் கிடைக்கும். அழைப்பை வீட்டு உரிமையாளர்களோடு நிறுத்திவிட வேண்டாம். செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றுபவரும், மாடியைப் பெருக்குபவரும் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ தோட்டக்காரரோ ஆகத்தான் இருப்பார்கள்; முதல் மழையை எந்த வால்வைத் திறந்து வெளியேற்றுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வசதியான நேரத்தில், செய்து காட்டிய அந்த வீட்டிலேயே, வால்வை அவர்கள் கையால் திறந்து மூடிப் பார்க்கும்படி தனியாக ஓர் அமர்வு ஏற்பாடு செய்யுங்கள்.