கும்பகோணம் பக்கம் பட்டும் சிலையும் வாங்குவோர் கவனத்துக்கு

கேள்வி: கோவில் தரிசனத்துக்காகக் குடும்பத்துடன் இரண்டு நாள் கும்பகோணம் வருகிறோம். கைத்தறிப் பட்டுப் புடவையும், வெளிநாட்டில் வசிக்கும் மகனுக்கு ஒரு நடராஜர் சிலையும் வாங்க விரும்புகிறோம். எந்தச் சந்தைக்குப் போவது? ஏமாறாமல் வாங்குவது எப்படி? பேரம் பேசலாமா?

பதில்: எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் சந்தை என்று காவிரிப் படுகையில் எதுவும் இல்லை; தொழில்கள் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கின்றன. பட்டுக்குத் திருபுவனம், சிலைக்குச் சுவாமிமலை, குத்துவிளக்குக்கு நாச்சியார்கோவில் என மூன்றும் கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் இருப்பதால், சன்னதித் தெருக் கடைகளில் நேரத்தைச் செலவிடாமல் அந்தந்த ஊருக்கே செல்லுங்கள்.

திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் முதலில் விலை பார்த்துவிட்டு, பிறகு தனியார் கடைகளுக்குப் போவது நல்லது. சங்கக் கடையில் அட்டையில் உள்ளதே விலை. பேரத்துக்கு இடமில்லை, பண்டிகைக் காலத் தள்ளுபடி மட்டும் உண்டு. சில்க் மார்க் முத்திரை நூல் அசல் பட்டு என்பதையும், கைத்தறி முத்திரை அது கையால் நெய்யப்பட்டது என்பதையும் சொல்லுமே தவிர, சரிகையைப் பற்றி இரண்டும் எதுவும் சொல்வதில்லை. விலையில் பெரிய வித்தியாசம் வருவதோ சரிகையால்தான். அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றப்பட்டு, அதன் மேல் தங்க முலாம் ஏறியிருக்கும். சுரண்டினால் வெண்மை தெரியும். செம்பு நிறம் தெரிந்தால் அது வியாபாரிகள் ‘டெஸ்டட்’ என்று சொல்லும், செம்பு இழையில் செய்த ரகம். அதற்குரிய விலையில் வாங்கினால் அதிலும் குறையில்லை. ஆனால் எந்தச் சரிகை என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவைச் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்த்து முடிந்ததும் அச்சை உடைத்துவிடுவதால் ஒரு சிலையைப் போல் மற்றொன்று அச்சு அசலாக இருப்பதில்லை. உள்ளே கெட்டியாக வார்த்ததா, பொள்ளலாக, அதாவது உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்ததா என்று கேளுங்கள். விரல் நகம், ஆடை மடிப்பு, சிலையைச் சூழ்ந்த வளைவான திருவாசியின் பின்புறம் ஆகியவற்றில் உளி வேலை எவ்வளவு நுணுக்கம் என்பதையும் பாருங்கள். எடையும் அந்த நுணுக்கமும் சேர்ந்துதான் விலை. இங்கே ஓரளவு பேசிக் குறைக்கலாம் என்றாலும், எடையை மட்டும் வைத்து இரண்டு பட்டறைகளின் விலையை ஒப்பிடுவது சரியாகாது. படம் எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

உங்கள் மகனுக்கான சிலையில் கூடுதல் கவனம் தேவை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. புதிய சிலைக்குத் தடையில்லை எனினும், பழமையான தோற்றம் காரணமாகச் சுங்கத்தில் நிறுத்தக்கூடும். ஆகவே அது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை வழங்கும் சான்றிதழைப் பெறப் பட்டறையினர் உதவுவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பழைய கோவில் சிலை என்று ஆசை காட்டி யாரேனும் அணுகினால், விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.