ஏர்போர்ட் சீன்ல ஏன் அப்படி அழுதேன்னு தெரியல அக்கா

அக்கா வணக்கம். எனக்கு 29 வயசு, ஊரு நாகர்கோவில் பக்கம், நாலு வருஷமா தோஹால நர்ஸா இருக்கேன். ரூம்மேட் ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு. அவ கட்டிலுக்கு அடியில எப்பவும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கிடக்கும், பாலிக்பயான் பாக்ஸ்னு சொல்லுவா, சம்பளம் வந்தா ஒரு ஷாம்பு, ரெண்டு டின் கறி, சாக்லேட்னு போட்டுகிட்டே இருப்பா, நிறைஞ்சதும் கப்பல்ல ஊருக்குப் போகும். போன வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்கும் ஆஃப், அவதான் 'ஹலோ, லவ், குட்பை'ன்னு ஒரு பிலிப்பினோ படத்த போட்டா. 2019ல வந்தது. ஹாங்காங்ல வீட்டு வேலை பாக்குற ஜாய், எப்படியாவது கனடா போயிடணும்னு இருப்பா, நடுவுல ஈதன்னு ஒரு பார்டெண்டரோட லவ் ஆகிடும், கடைசில ஏர்போர்ட்ல அவன விட்டுட்டு கிளம்பிடுவா. நான் அழுத அழுகையில ரூம்மேட்டே பயந்துட்டா.

விஷயம் என்னன்னா எனக்கு யூகேல வேலை கிடைச்சிருச்சு. ஓஇடிங்கிற இங்கிலீஷ் பரீட்சை, சிபிடிங்கிற நர்ஸிங் கம்ப்யூட்டர் பரீட்சை எல்லாம் பாஸ். இங்க லேப்ல இருக்குற திருச்சிக்காரர் ஒருத்தரோட ரெண்டு வருஷமா பழக்கம், நைட் ட்யூட்டி முடிஞ்சு இறங்குனா கீழ ரெண்டு டீயோட நிப்பார், அந்த மாதிரி ஆளு. அவர்கிட்ட பரீட்சை எழுதினதையே சொல்லல அக்கா. சொன்னா போகாதன்னுடுவாரோன்னு பயம், 'சரி போ'ன்னுட்டா அது அதவிட பயம். வீட்டு லோன் இருக்கு, தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் இருக்கு, அம்மா வேற யூகேல சம்பளம் ஜாஸ்தியாமேன்னு தெனமும் கேக்குறாங்க. பேசாம போய் இறங்கிட்டு அவருக்கு மெசேஜ் போட்டுக்கலாமான்னு கூட தோணுது. ஜாயும் அப்படித்தானே போனா? நான் சுயநலக்காரியா?

பதில்:

தங்கச்சி, ஜாய் அப்படி போகலம்மா. அந்தப் படம் எனக்கும் ரொம்ப பிடிச்ச படம், ஜாயா வர்ற கேத்ரின் பெர்னார்டோ அதுல நடிச்சிருக்கான்னே சொல்ல மாட்டேன், வாழ்ந்திருக்கா. ஆனா ஒண்ண நீ கவனிக்கல. ஜாய் கனடா போகப்போறது ஈதனுக்கு தெரியும், தெரிஞ்சேதான் லவ் பண்றான். கடைசில அழுதாலும் யாரும் யாரையும் ஏமாத்தல. உன் கதையில அந்த ஈதனுக்கு கனடான்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. நீ அழுததுல பாதி அதுக்காகத்தான்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு. ஹாங்காங்ல மத்த வெளிநாட்டுக்காரங்க ஏழு வருஷம் இருந்தா நிரந்தரமா தங்குற உரிமை கேக்கலாம், வீட்டு வேலை பாக்குறவங்க இருபது வருஷம் இருந்தாலும் கேக்க முடியாது, 2013ல அங்க உச்ச கோர்ட்டே அப்படித்தான்னு சொல்லிருச்சு. வேலை பாக்குற வீட்லயேதான் தங்கவும் செய்யணும், அதான் ஞாயித்துக்கிழமையானா சென்ட்ரல் ஏரியால ரோட்டோரமா அட்டைய விரிச்சு உக்காந்திருப்பாங்க. ஈதனோ நிரந்தர உரிமைக்கு காத்திட்டு இருக்கான். அவன் 'இங்கேயே இரு'ன்னு கேக்குறப்போ அந்த 'இங்க' அவனுக்கு ஒரு நாள் சொந்தமாகும், அவளுக்கு ஆகவே ஆகாது. உங்க ரெண்டு பேருக்கும் அந்த வித்தியாசம் கூட இல்ல, ரெண்டு பேருமே விசால இருக்கீங்க, என்னைக்கோ ஒரு நாள் கிளம்பத்தான் போறீங்க. அதனால போறதா இருக்குறதாங்கிறத விட, அடுத்து எங்கன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிருக்கீங்களாங்கிறதுதான் என் கேள்வி.

அவர் கூட வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னும் நினைச்சுக்காத. ரெண்டாவது படம் 'ஹலோ, லவ், அகைன்' பாத்தியா, 2024ல வந்தது, 100 கோடி பெசோவுக்கு மேல வசூல் பண்ணின முதல் பிலிப்பினோ படம். அதுல ஈதன் கனடாவுக்கே தேடிப் போறான், சேந்து வாழ்றாங்க, அங்க போயும் பிரிஞ்சிடறாங்க. விசா, காசு, தனிமை எல்லாம் இருக்கே. நீ பாக்கலன்னா இப்ப பாக்காத, மனசு கொஞ்சம் தெளிஞ்சப்புறம் பாரு.

சுயநலமான்னு கேட்ட. உன் லெட்டர திரும்பப் படிச்சேன், லோன் இருக்கு, ஃபீஸ் இருக்கு, அம்மா இருக்காங்க, 'எனக்கு போகணும் அக்கா'ன்னு ஒரு வரி இல்ல. பிலிப்பைன்ஸ்காரங்க 'உத்தாங் நா லோஓப்'னு சொல்லுவாங்க, உள்ளுக்குள்ள இருக்குற கடன், நம்ம நன்றிக்கடன் மாதிரிதான், ரூம்மேட்ட கேட்டுப் பாரு, அந்தப் பெட்டிய காட்டியே சொல்லுவா. அந்தக் கடன நீ அடைக்கக் கூடாதுன்னு சொல்லல. ஆனா லோனும் ஃபீஸும் இல்லன்னா யூகே போவியா? இத பேப்பர்ல எழுது, யாருக்கும் காட்ட வேணாம்.

அத எழுதிட்டு அவர்கிட்ட போ. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி. அவர் கோவப்படலாம், போறதுக்காக இல்லாம மறைச்சதுக்காக, அது நியாயமான கோவம், வாங்கிக்கோ. நைட் ட்யூட்டி முடிச்ச காலையில மட்டும் டீய கையில வச்சுகிட்டு ஆரம்பிக்காத, ரெண்டு பேரும் தூங்கி எழுந்திருங்க, சாயங்காலமா சொல்லு.