மலை நகர்ந்தால் குள்ளன் எங்கே போவான்?

கேள்வி: மலைக்கு அடியில் வாழும் குள்ளர்களை வைத்து ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பேச்சுக்காக ‘உளிமேல் உளி அடித்தால் மலையும் நகரும்’, ‘தாடி உள்ளமட்டும் தங்கமும் உண்டு’ என்று ஏராளமான பழமொழிகளை உருவாக்கினேன். படித்த நண்பர்களோ, ‘நாம் பேசுவதற்குக் குள்ளர் வேஷம் போட்டதுபோல இருக்கிறது’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நண்பர்கள் சொல்வது சரி. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பதில் அம்மியை எடுத்துவிட்டு மலையை வைத்திருக்கிறீர்கள். மலை நகர்ந்தால் அதற்குள் குடியிருப்பவன் கதி என்ன? நமக்கு ஊக்கம் தருவது அவனுக்குச் சாபம். தாடியும் தங்கமும் வெளியாள் கண்ணில் படுகிறவை. அந்தப் பழமொழியைக் குள்ளர்களைப் போலப் பேசிப் பார்க்கும் ஓர் அசலூர் வியாபாரியின் வாயில் கொடுங்கள், குள்ளர்கள் சிரிக்கட்டும்.

பயமும் பிழைப்பும் இருக்கிற இடத்தில்தான் பழமொழி பிறக்கிறது. ஆகவே முதலில் சுரங்கத்துக்குள் இறங்குங்கள். கூரையைத் தாங்க அங்கே மர முட்டுக் கொடுப்பார்கள். பாரம் ஏறினால் மரம் முறிவதற்கு முன்பே முனகும். ‘முட்டு முனகினால் மூட்டையைத் தேடாதே.’ காற்றில் பிராணவாயு குறைந்தால் சுடர் மங்கும். ‘விளக்கு மங்கினால் வழக்கை நிறுத்து.’ இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளே சீட்டியடிப்பதை அபசகுனமாக நினைத்தார்கள். அதிலிருந்து, ‘கூடத்தில் பாடு, குடைவில் கேள்’ என்று ஒன்று செய்யலாம்.

அடுத்து, பழங்கதை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்தில், இடித் தெய்வமான தோரின் சம்மட்டியைச் செய்வது குள்ளர்கள்தான். துருத்தி ஊதுகிறவனின் இமையை, ஈயாக வந்த குறும்புத் தெய்வம் லோகி கடிக்க, அவன் ஒரு கணம் கையெடுக்கிறான். சம்மட்டியின் பிடி குட்டையாகிவிடுகிறது. அரைகுறை வேலையைப் பார்த்து, ‘எந்த ஈ கடித்தது?’ என்று உங்கள் கொல்லன் கேட்டால் போதும்.

இன்னொரு கதையில், தோரின் மகளைக் கேட்டு வந்த ஆல்விஸ் என்ற குள்ளனைத் தோர் விடியும்வரை கேள்வி கேட்டே நிறுத்திவைக்கிறார். வெயில் பட்டதும் அவன் கல்லாகிறான். உங்கள் குள்ளர்களுக்கும் இந்த விதி உண்டென்றால், ‘உனக்கு விடியட்டும்’ என்பதை விடக் கொடிய வசவு அவர்களிடம் இருக்க முடியாது. எனக்குப் பிடித்தது இதுதான். நீங்கள் விளக்கம் எழுதாதவரை இது வேலை செய்யும்.

விளக்கம்தான் பெரிய எதிரி. ‘எங்கள் முன்னோர் சொல்வார்கள்’ என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. பழகிய பழமொழியை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நூறு தீவட்டி எரியும் சபையில் பெரியவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மூலையில் இருக்கும் கிழவி, ‘விளக்கு மங்குகிறது’ என்கிறாள். எல்லோரும் வாயை மூடுகிறார்கள். சுரங்கக் காட்சி அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாவல் முழுவதற்கும் இப்படி ஐந்தாறு தேறினால் போதும், மற்றவற்றை அடித்துவிடுங்கள்.