சீனாவில் 'கறுப்புக் குழந்தைகள்' என்று யாரைச் சொன்னார்கள்?

ஒரு குழந்தைத் திட்டம் இருந்த காலத்தில் (2015 வரை) அனுமதியில்லாமல் பிறந்து, அரசுப் பதிவேட்டில் ஏறாத பிள்ளைகளைத்தான். சரி, பதிவு இல்லாவிட்டால் என்ன? ஹூகோ என்ற அந்தக் குடும்பப் பதிவு இல்லையென்றால் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு, அடையாள அட்டை கிடையாது, வளர்ந்தபின் திருமணத்தைப் பதியவும் வழியில்லை. அபராதமோ பெற்றோரின் பல வருடச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதனால் பாட்டி வீட்டில் ஒளித்து வளர்ப்பார்கள், அதிகாரி வந்தால் பிள்ளை கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும், சில வீடுகளில் பெற்ற அம்மாவையே 'அத்தை' என்று கூப்பிடப் பழக்கினார்கள். எனக்கு இதுதான் தாங்கவே முடியவில்லை. 2010 கணக்கெடுப்பின்படி பதிவில்லாதவர்கள் சுமார் 1.3 கோடிப் பேர், அதில் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவர்கள். 2016 ஜனவரியில்தான் எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் பதிவு தரச் சொல்லி அரசு உத்தரவு போட்டது.