செயின் ஒரு இடத்தில் விறைப்பு, இன்னொரு இடத்தில் தொளதொளப்பு

வீட்டில் செய்த உங்கள் எஞ்சின் வண்டியில், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பத்து நிமிடத்தில் செயின் கழன்றுவிடுகிறது, சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் விறைப்பாகவும் எதிர்ப்பக்கம் தளர்வாகவும் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கோளாறு டென்ஷனில், அதாவது செயினின் இறுக்கத்தில், இல்லை. பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மையம் தவறி உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் செய்த வண்டிகளில் இது சகஜம், போல்ட் துளைகள் கொஞ்சம் பெரிதாகிவிடும்.

போல்ட்களைச் சற்றே தளர்த்துங்கள். ஃப்ரேமில் ஒரு கம்பியைக் கட்டி, நுனி பல்லை உரசும் அளவுக்கு வளைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே மெல்லத் தட்டி, போல்ட்களை எதிரெதிராக முறுக்குங்கள். பொறுமை வேண்டும், முதல் தடவையிலேயே சரியாக வராது. அப்படியே ஒரு நேரான பட்டையை வைத்து இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம்தான் டென்ஷன். மிக விறைப்பான இடத்தில் நிறுத்தி, நடுச் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 12 மி.மீ. அளவுக்கு ஆட வேண்டும். இது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்கு. ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் கை) இருந்தால், பின்சக்கர அச்சு, அந்தக் கை ஆடும் மூட்டான பிவட், முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில் பாருங்கள், செயின் அதிகமாக இழுபடுவது அங்கேதான்.

பயந்துபோய் வீணைத் தந்தி மாதிரி இறுக்காதீர்கள். கிளட்ச் புஷ் (கிளட்சின் உள்ளே இருக்கும் வளையம்) சூடேறித் தேய்ந்துவிடும். நான் ஒன்றைக் காலி செய்திருக்கிறேன்.

எஞ்சின் போல்ட்களையும் ஒருமுறை பாருங்கள். நீள்துளையில் எஞ்சின் நகர்ந்தாலும் செயின் தளரும்.