‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால்…
(கணினி கேள்வி – பதில்)

எங்கள் நூலகப் பீரோவில் பழைய தமிழ் மென்பொருள் ஃபிளாப்பிகள் 40 கிடக்கின்றன. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் முதல் ஃபிளாப்பியைப் போட்டதுமே, ‘ஃபார்மட் செய்யவா?’ என்கிறது விண்டோஸ். என்ன செய்ய?
– வாசகர், பாலக்கோடு

‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டு ஃபிளாப்பியை வெளியே எடுங்கள். அந்தக் கேள்வி வந்தால் ஃபிளாப்பி காலி என்று பொருளல்ல. அதன் முதல் செக்டர் (தகவலைச் சேமிக்கும் சிறு கட்டம்) விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். பழுது அந்த ஓரிடத்தில் மட்டும்கூட இருக்கலாம்.

அடுத்ததைப் போடும் முன் எழுதுவதைத் தடுத்துவிடுங்கள். மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் மூலையில் நகரும் சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதைத் தள்ளி, ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தால் பாதுகாப்பு. ஐந்தேகால் அங்குலத்தில் நேரெதிர்: ஓரத்து வெட்டை ஒளி ஊடுருவாத டேப்பால் மூட வேண்டும். ஐந்தேகாலுக்குப் பழைய டிரைவும், அதைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் போன்ற பலகையும் தேவை. யூஎஸ்பி டிரைவ் உதவாது.

பிறகு மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் உலோக மூடியை நகர்த்திப் பிடித்துக்கொண்டு, நடுச்சக்கரத்தைச் சுற்றியபடியே கருப்புப் படலத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சை. அப்படியே போட்டால் அது டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே போடுங்கள். ஓடும்போது கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி ஹெட்டைத் துடைத்தாக வேண்டும்.

கோப்புகளை மட்டும் காப்பி எடுப்பதுதான் பலரும் செய்கிற தவறு. முதல் செக்டரான பூட் செக்டர் அதில் வராது. ஃபிளாப்பியின் பெயரைச் சரிபார்த்து ‘இரண்டாவது டிஸ்க்கைப் போடு’ என்று கேட்கும் நிறுவல் நிரல்கள் பின்னால் நின்றுபோகும். ஆகவே முழு ஃபிளாப்பியையும் செக்டர் செக்டராக நகலெடுத்து ஒரே கோப்பாக, அதாவது இமேஜ் கோப்பாக, எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கு நல்ல கருவி. நல்ல செக்டர்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிப்பவற்றை மேப் கோப்பில் குறித்து வைக்கும். அதே மேப்போடு வேறொரு டிரைவில் ஓட்டினால் விட்டுப்போனதை மட்டும் தேடும். ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் இம்மி வேறுபடுவதால், ஒன்றில் வராதது இன்னொன்றில் வருவதுண்டு. 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்: பெருக்கினால் 14,74,560 பைட். வழக்கமான 1.44 எம்பி ஃபிளாப்பியின் இமேஜ் இந்த அளவில் இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் மேப்பில் பழுது மிச்சமில்லையா என்று பாருங்கள். பிறகு கோப்பு மாறிவிடவில்லை என்று பின்னால் சரிபார்க்க உதவும் ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு, லேபிளின் புகைப்படத்தோடு சேர்த்து வையுங்கள்.

நாற்பதும் சேர்ந்தால் 60 எம்பிகூட வராது. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கத் தயங்க வேண்டாம்.

மாங்கூழ் ஆலை ஒன்றின் 1990-களின் கணக்குகள் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் உள்ளன. பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் திறந்தால் ‘டிவைட்’ பிழை வருகிறது. தமிழ்ப் பெயர்களும் கிறுக்கலாகத் தெரிகின்றன.
– வாசகர், கிருஷ்ணகிரி

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலாவது வேகத்தால் வருவது: நிரல் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளக்கிறது, இன்றைய வேகத்தில் அந்த நேரம் பூஜ்யமாகிவிட, அதால் வகுக்கப் போய் நின்றுவிடுகிறது. டாஸ்பாக்ஸ் அமைப்பில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைக்கிள்ஸை 3000 என்று நிலையாக வையுங்கள். தரவு உள்ள டிபிஎஃப் கோப்போடு அதே பெயருள்ள எஃப்பிடி (குறிப்புகள்), சிடிஎக்ஸ் (அட்டவணை) கோப்புகளும் கூடவே இருக்க வேண்டும். எஃப்பிடி இல்லையேல் குறிப்புப் புலங்கள் போய்விடும்.

இரண்டாவதுதான் கடினம். டாஸ் காலத் தமிழுக்கு, அரசு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு போன்ற தனி வன்பொருளும் பயன்பட்டது. அதில் எழுத்துகள் இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டில் இருக்கும்; கார்டு இல்லாமல் திரையில் கிறுக்கல்தான் வரும். விண்டோஸில் அடித்தவை என்றால் டாப், டாம், டிஸ்கி, பாமினி ஆகிய பழைய தமிழ்க் குறியீடுகளில் எதுவாகவும் இருக்கலாம். பாமினியை அடையாளம் காண்பது எளிது: ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று தெரியும். எழுத்துரு கோப்பையும் கட்டாயம் எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் எந்தக் குறி எந்த எழுத்து என்று சொல்ல ஆளிருக்காது. மூலத்தைத் தொடாமல், யூனிகோட் பிரதியைத் தனியாக உருவாக்குங்கள்.

20 ஆண்டாக மூடிக்கிடந்த 386 கணினியைக் கண்காட்சிக்கு வைக்க ஆசை. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், அரூர்

இப்போது வேண்டாம். முதலில் திறந்து பாருங்கள். மதர்போர்டில் நீலப் பீப்பாய் போன்ற நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு வெட்டி எடுங்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும். பச்சைப் படிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பின் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடினால் முதல் வேலை இமேஜ் எடுப்பது, கண்காட்சியெல்லாம் பிறகு.

இப்படிப் பிரதி எடுப்பது சட்டப்படி சரியா?
– வாசகர், ஓசூர்

முறைப்படி வாங்கி வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகப் பிரதி எடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரதியை இணையத்தில் ஏற்றவோ மற்றவர்களுக்கு வழங்கவோ அது அனுமதி ஆகாது. அதற்கு உரிமையாளரின் எழுத்துவழிச் சம்மதம் வேண்டும். நிறுவனம் மூடப்பட்டுவிட்டது என்பதாலேயே உரிமை காலாவதியாகிவிடாது. பில்லோ, உரிமச் சீட்டோ, அட்டைப் பெட்டியோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முறைப்படி வாங்கியதற்கு அவைதான் சான்று.