சீருடையும் கறுப்பு அங்கியும்: இராணுவச் சட்ட அதிகாரி ஒருவரிடம் கேள்வி பதில்

இந்தியத் தரைப்படையின் சட்டப் பிரிவான ஜாக் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது படைவீரர்களின் பணி வழக்குகளையும் இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகள்மீதான மேல்முறையீடுகளையும் விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்காடி வருகிறேன். வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்கியவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): ஐயா, ஜாக் பிரிவில் சேர என்ன தகுதி வேண்டும்?

சட்டப் பட்டத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண், 21 முதல் 27 வரையிலான வயது, மணமாகாதிருத்தல் ஆகியவை அடிப்படை. வழக்கறிஞராகப் பதிவுசெய்யும் தகுதியும் இருக்கவேண்டும். அண்மைக்காலமாக, முதுநிலைச் சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் முதுநிலைத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கிறார்கள். அதன்பின் தேர்வு வாரியத்தின் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

கேள்வி: சட்ட அதிகாரிக்கும் துப்பாக்கிப் பயிற்சி உண்டா?

உண்டு. அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் மற்றவர்களோடு சேர்ந்து 49 வாரங்கள் பயிற்சி பெற்றேன். சிப்பாயின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை உடம்பால் அறியாதவருக்கு அவன் வழக்கு முழுதாக விளங்காது என்பது என் கருத்து.

கேள்வி: இராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதுவது நீங்கள்தானே?

இல்லை. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டப்படி, பொது இராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகளும் மாவட்ட இராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது மூன்று அதிகாரிகளும் அமர்கிறார்கள். குற்றம் உண்டா இல்லையா என்று முடிவுசெய்பவர்கள் அவர்களே. ஜாக் பிரிவின் அதிகாரி அங்கே ஜட்ஜ் அட்வகேட்டாக அமர்ந்து, எந்தச் சாட்சியத்தை ஏற்கலாம், குற்றச்சாட்டு நிலைபெற எவையெல்லாம் மெய்ப்பிக்கப்படவேண்டும் என்று எடுத்துரைப்பார். அவருக்கு வாக்கு கிடையாது. பொது இராணுவ நீதிமன்றத்தில் அவர் இருந்தே ஆகவேண்டும் என்று 129ஆம் பிரிவு சொல்கிறது.

கேள்வி (முன்னாள் படைவீரர்): வாக்கும் இல்லை, பதவி உயர்வும் அதே படையின் கையில். அப்படிப்பட்டவர் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்? சீருடை அணிந்த வழக்கறிஞர் மேலதிகாரியின் வழக்கறிஞர்தான் என்கிறேன்.

தங்கள் ஐயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்கும் அது இருந்தது. ஜட்ஜ் அட்வகேட் முழு நடுநிலை காக்கவேண்டும் என்று இராணுவ விதிகளின் 105ஆம் விதி கட்டளையிடுகிறது. விதியில் எழுதியிருப்பதாலேயே நடுநிலை வந்துவிடாது என்று தாங்கள் சொல்லக்கூடும். அதே கவலையைத்தான் சரண்ஜித் சிங் கில் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிடத் தாழ்ந்த பதவியில் உள்ளவர் ஜட்ஜ் அட்வகேட்டாக அமர்ந்தால், உயர்ந்தவர் கிடைக்கவில்லை என்ற சான்று இல்லாத நிலையில், அந்த விசாரணை செல்லாது என்று அது தீர்ப்பளித்தது. வாக்கே இல்லாதவரின் பதவி நிலையை நீதிமன்றம் ஏன் இவ்வளவு உற்றுப் பார்த்தது? அவர் சொல்லும் சொல்லுக்கு அந்த அறையில் அத்தனை கனம் இருப்பதால்தான்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 28. ஜாக் பிரிவில் சேரலாமா?

முதல் பதிலில் வயது வரம்பு உள்ளது. இதே கேள்வியை மேலும் நால்வர் கேட்டிருக்கிறீர்கள். இனி அதற்கு விடை எழுதமாட்டேன்.

கேள்வி (சிப்பாயின் மனைவி): என் கணவரைக் கட்டளை அதிகாரியே ஒரே நாளில் விசாரித்துப் பணிநீக்கம் செய்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இனி வழி உண்டா?

உண்டு அம்மா. அது சுருக்க இராணுவ நீதிமன்றம் எனப்படும். அதில் கட்டளை அதிகாரி ஒருவரே நீதிமன்றம். உடன் அமரும் இருவர் உறுதிமொழி எடுப்பதில்லை. தங்கள் கணவருக்கு உதவியாக ஒரு நண்பர் அமரலாம், ஆனால் அவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவோ மன்றத்தை நோக்கிப் பேசவோ முடியாது. ஒப்புக்கொள்வதன் விளைவு என்ன என்பதை மன்றம் அவருக்கு விளக்கியிருக்கவேண்டும் என்று 115ஆம் விதி சொல்கிறது. விளக்கினார்களா என்பதை நடவடிக்கைப் பதிவிலிருந்து பாருங்கள். அதன் நகலைக் கட்டணம் செலுத்திப் பெற அவருக்கு உரிமை உண்டு.

ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல் படைவீரர் 1985இல் தமக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி மேலிடத்துக்கு நேரடியாக எழுதினார். முறை தவறி எழுதினார் என்று 28 நாள் தண்டனை கிடைத்தது. அதை அனுபவித்துக்கொண்டிருக்கையில், உண்ணச் சொன்னபோது உண்ண மறுத்தார் என்று மறுநாளே சுருக்க நீதிமன்றம் கூடி, ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தது. அவர் யார்மீது புகார் எழுதினாரோ அந்த அதிகாரியே அந்த மன்றத்தில் அமர்ந்திருந்தார். 1987இல் உச்ச நீதிமன்றம் அதை முழுதாக ரத்துசெய்தது. தண்டனை குற்றத்துக்கு மீறியது என்பதோடு, மன்றத்தில் அமர்பவர்மீது ஆட்சேபம் உண்டா என்று 130ஆம் பிரிவின்படி அவரிடம் கேட்கவில்லை என்பதும் அதற்குக் காரணம்.

படிக்காமல் எதிலும் கையெழுத்திடவேண்டாம், நகல் வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்கவேண்டாம் என்று பணியில் இருந்த நாள் முதல் சொல்லி வருகிறேன். இங்கும் சொல்கிறேன்.

கேள்வி: ஊரில் பங்காளிகள் நிலத்தைப் பிடித்துவிட்டார்கள். இராணுவச் சட்டத்தில் இடமுண்டா?

இல்லை. உரிமையியல் வழக்கறிஞரை அணுகுங்கள்.

கேள்வி: தீர்ப்பாயத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றம் மட்டும்தானா?

இல்லை. அரசு அமைப்புகளின் முடிவைச் சீராய்ந்து ஆணையிடும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அற்றுப்போகவில்லை என்று 2023இல் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கேள்வி (அதே முன்னாள் படைவீரர்): தாங்கள் சொன்ன இரண்டு வழக்கிலும் நீதி வெளியிலிருந்துதான் வந்தது. சீருடைக்குள்ளிருந்து வந்ததா?

நியாயமான கேள்வி. மேல்முறையீட்டுக்கு வழியே இல்லாத குறையை 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பின்னரும், 2007இல் சட்டம் இயற்றி 2009இல் தீர்ப்பாயம் திறக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்துக்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். ஆனால் வெளியில் உள்ள நீதிமன்றம் எதைப் படித்துத் தீர்ப்பளிக்கிறது? ஜட்ஜ் அட்வகேட் அமரும் மன்றங்களில், அவர் கொடுத்த அறிவுரை நடவடிக்கைப் பதிவில் இடம்பெறுகிறது. மன்றம் அதை ஏற்காத வழக்குகளும் என் பணிக்காலத்தில் உண்டு. அவற்றில் ஒன்றின் பதிவை, கறுப்பு அங்கி அணிந்த பிறகு, வேறொரு வழக்கறிஞர் தீர்ப்பாயத்தில் வாசிக்கக் கேட்டேன். அதில் என் கையெழுத்து இருந்தது, மேல்முறையீடும் அனுமதிக்கப்பட்டது.